கன்னத்தில் கை

நவராத்திரிக்கு முதல் நாள் மாலை, எங்கள் தாமான் கோவில் மண்டபத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தோம். எனக்கு எட்டு வயதில் அம்மா சொல்லிக்கொடுத்த வேலை அது. தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டே நான்கு முழம் கட்டிவிடுவேன். அன்று என்னவோ, இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நான் அடுக்கிய மல்லிகை நிற்கவே இல்லை. நூலைச் சுற்றி இழுப்பதற்குள் இரண்டு மூன்று பூ மடியில் விழுந்துவிடும். எடுத்து வைப்பேன், மறுபடியும் விழும்.

பக்கத்தில் இருந்த அக்கா, "என்ன டீச்சர், கட்டினதைவிடக் கொட்டினது அதிகமா இருக்கே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா அதோடு விடவில்லை. என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இங்க ஏன் இப்படிக் குழி விழுந்திருக்கு?"

அவர் காட்டியது புறங்கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் இடம். வலது கையில் அங்கே சதை மேடாக இருந்தது. இடது கையில் எலும்பு தெரிகிற அளவுக்குப் பள்ளம். ஒரு நாளைக்கு நூறு தடவை பார்க்கிற கைதான். நான் கவனித்ததே இல்லை.

யோசித்துப் பார்த்தால், அதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே கை எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. விடியற்காலையில் எழும்போது இடது கைச் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருக்கும். இரண்டு உதறு உதறினால் சரியாகிவிடும். கை அடியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, தேநீர் போடப் போய்விடுவேன். சில மாதம் கழித்து உதறினாலும் உடனே சரியாகவில்லை. எறும்பு ஊர்வது போன்ற ஓர் உணர்வு பள்ளிக்குப் போகும் வரை இருக்கும். அப்புறம் கைப்பைக்குள் கையை விட்டால் சுண்டு விரல் மட்டும் தனியாக விலகி நின்று வாரில் மாட்டிக்கொள்ளும். முகம் கழுவக் கையைக் குவித்தால் அந்தப் பக்கமாகத் தண்ணீர் ஒழுகும். ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இப்படி ஒவ்வொன்றாக வருவது வழக்கம்தானே என்று இருந்துவிட்டேன். வலித்திருந்தால் முன்பே ஓடியிருப்பேன். பெரிதாக வலிக்கவில்லை.

ஒரே ஓர் இரவு மட்டும் வலித்தது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு குடைச்சல். இடது கை வலி என்றால் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது ஒன்றுதான். என் கணவர் கைலியை மாற்றக்கூட நிற்காமல், இரவு ஒரு மணிக்கு என்னை மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார். இசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றும் இல்லை. அப்படிப் போனதற்காக நான் வெட்கப்படவில்லை. இடது கை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் என்று எது சேர்ந்தாலும் 999-ஐ அழைக்க வேண்டும். நரம்பா இதயமா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாது. என் தவறு அதற்குப் பிறகு நடந்தது. இதயம் நன்றாக இருக்கிறது என்று கேட்ட மகிழ்ச்சியில், அப்படியானால் கைக்கு என்ன என்று நானும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை.

அடுத்து எல்லாரும் சொன்னது சர்க்கரை. நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. நம்மவர்களிடையே அது இன்னும் அதிகம். அதனால் விரல் மரத்தது என்றாலே சர்க்கரை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கொடுத்துப் பார்த்ததில் எனக்குச் சர்க்கரை இல்லை. பின்னால் தெரிந்துகொண்டது: நீரிழிவால் வரும் மரத்துப்போதல் பெரும்பாலும் பாதங்களில்தான் தொடங்கும், இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி வரும். ஒரே கையில், இரண்டே விரலில் என்றால் அது வேறு கதை. ஆனால் சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு அழுத்தத்தைக் குறைவாகவே தாங்கும். அவர்களுக்கு இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

மூன்றாவதாக, உருவிவிடுகிறவரிடம் போனேன். இந்த இடத்தில் நம் மொழியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் நாம் எல்லாவற்றையும் நரம்பு என்கிறோம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவது நரம்பு. ஊசி போடுவதும் நரம்பில். கழுத்துப் பிடித்துக்கொண்டால் நரம்பு சுளுக்கு. உண்மையில் முதலிரண்டும் இரத்தக் குழாய், மூன்றாவது தசை. மூளையிலிருந்து செய்தியைக் கொண்டுபோகிற நரம்பு இவற்றில் எதுவுமில்லை. ஆகவே அவர் "நரம்பு பிசகியிருக்கு, நீவி விட்டாப் போதும்" என்றபோது அது எனக்கு முழுக்க நியாயமாகத் தோன்றியது. முழங்கையின் உட்புறத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி உருவினார். கண்ணில் பொறி பறந்தது. "வலிக்குதா? அப்ப அங்கதான் இருக்கு" என்றார். அவர் சொன்ன இடம் என்னவோ சரிதான். அடுத்த இரண்டு வாரத்துக்கு விரல்களில் உணர்வே இல்லை.

இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் பூக்கட்டும் மாலை வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து நான் பயந்துபோனேன். மறு வாரமே கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து கடிதம் வாங்கி, பெரிய மருத்துவமனையின் எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் போனேன்.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. முப்பத்தைந்து வயது இருக்கும். நான் எதிரே உட்கார்ந்ததும் கடிதத்தைப் படிக்கத் தொடங்கினார். படித்து முடித்து நிமிர்ந்தவர் என் கையைத் தொடவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மலாயில் கேட்டார்: "சிகு, எப்போதும் இப்படித்தான் உட்காருவீர்களா?"

அப்போதுதான் என்னையே நான் பார்த்தேன். அவர் மேசை விளிம்பில் இடது முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் கன்னத்தைத் தாங்கி உட்கார்ந்திருந்தேன்.

இருபத்தாறு ஆண்டுகளாக அப்படித்தான் உட்காருகிறேன். வலது கையில் சிவப்புப் பேனா, எதிரே மாணவர்களின் பயிற்சி நூல்கள், இடது கை கன்னத்தில். ஒரு வகுப்புக்கு முப்பது நூல் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு வகுப்புக்கு நூற்றிருபது. பள்ளி ஆசிரியர் அறையில் பாதி, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதி. கட்டுரை திருத்தும் நாளில் மூன்று மணி நேரம் எழுந்திருக்க மாட்டேன். மேசையின் மேல் போட்ட கண்ணாடியின் விளிம்பு முழங்கையில் பதிந்து, எழும்போது ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போவேன்.

மருத்துவர் ஒரு தாளை எடுத்தார். இரண்டு கைகளிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே, சாவியைப் பிடிப்பது போல அதைப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். வலது கைக் கட்டைவிரல் நேராக நின்றது. இடது கைக் கட்டைவிரலோ நுனிக் கணு மடங்கி, கொக்கி போல வளைந்து தாளைப் பற்றப் பார்த்தது. நான் வேண்டுமென்று வளைக்கவில்லை. பிடிக்க வேண்டிய தசைக்குப் பலமில்லாததால், வேறொரு நரம்பின் கீழ் வேலை செய்யும் தசை உதவிக்கு வந்து விரலை மடக்குகிறது என்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் ஜூல் ஃபுரோமென் என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் எழுதி வைத்த சோதனை அது. நாளிதழைப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பது என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் தாளிலேயே அதைச் செய்து பார்க்கலாம். இரண்டு கட்டைவிரலும் ஒரே மாதிரி நின்றால் நல்லது.

பிறகு அவர் முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் விரலால் லேசாகத் தட்டினார். சுண்டு விரல்வரை கரண்ட் ஓடியது. கதவில் முழங்கை இடித்தால் சுளீர் என்று ஓடுமே, அதே கரண்ட். ஆங்கிலேயர் அந்த இடத்துக்கு வேடிக்கை எலும்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே துடிப்பது எலும்பு இல்லை. அல்நார் நரம்பு.

கழுத்துத் தண்டிலிருந்து புறப்பட்டு, தோள்பட்டைக்கு அடியில் நுழைந்து, கையின் உட்புறமாக இறங்கிவரும் நரம்பு அது. வழி முழுவதும் சதைக்குள் பத்திரமாக வருகிறது. முழங்கையில் மட்டும் எலும்புக்குப் பின்னால் ஒரு குறுகிய வழியாக வெளிப்புறம் வந்து, தோலுக்கு அடியிலேயே கிடந்து, மறுபடியும் முன்கைத் தசைக்குள் போய்விடுகிறது. அந்தக் குறுகிய வழிக்குக் கியூபிட்டல் சுரங்கம் என்று 1958-இல் கனடாவில் இரண்டு மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். நரம்பு கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் அதுதான். சுண்டு விரல் முழுவதும், மோதிர விரலில் சுண்டு விரலை ஒட்டிய பாதியும் உணர்வது இந்த நரம்பால். மற்ற விரல்களின் உள்ளங்கைப் பக்க உணர்வு மீடியன் என்ற இன்னொரு நரம்பின் பொறுப்பு. மணிக்கட்டில் அது அழுந்தினால்தான் பலரும் கேள்விப்பட்டிருக்கும் கார்ப்பல் டனல். அதில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரக்கும். ஆகவே எந்த விரல் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. "கை மரக்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் போதாது. நான் பல மாதமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அல்நார் நரம்புக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. கைக்குள் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளில் பெரும்பாலானவற்றை இயக்குவது அதுதான். விரல்களைச் சேர்ப்பது, விரிப்பது, கட்டைவிரலைப் பக்கவாட்டில் அழுத்துவது எல்லாம் அதன் வேலை. தண்ணீர் ஒழுகியதும் சுண்டு விரல் பையில் மாட்டியதும் மல்லிகை விழுந்ததும் தனித்தனித் தொல்லை என்று நினைத்திருந்தேன். எல்லாம் ஒன்றுதான்.

சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப் போவது எல்லாருக்கும் தெரியும். நரம்பை அழுத்தும்போது அதற்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நசுங்குகின்றன. உணவு போகாமல் நரம்பு சற்று நேரம் பேச்சை நிறுத்துகிறது. எழுந்து நடந்தால் இரத்தம் ஓடி, முள் குத்துவது போல் குத்தி, சரியாகிவிடுகிறது. இதையே தினமும் மணிக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் செய்தால் நரம்பைச் சுற்றியுள்ள உறை தேய்கிறது. செய்தி மெதுவாகப் போகிறது. அதற்கும் மேலே போனால் உள்ளே இருக்கும் இழைகளே மடிகின்றன. செய்தி வராத தசை வற்றிப் போகிறது. அக்கா பார்த்த குழி அதுதான்.

"தூங்கும்போது கை எங்கே இருக்கும்?" என்று மருத்துவர் அடுத்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற என் கணவர்தான் சொன்னார். இடது பக்கம் ஒருக்களித்து, முழங்கையை மடக்கி, கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்குவேனாம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தானாம். "ஃபோன் பேசும்போதும் இடது கைதான், டாக்டர்" என்று அவரே சேர்த்துக்கொண்டார். பினாங்கில் இருக்கும் என் தங்கையோடு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவேன், சோபாவின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு. இத்தனை நாள் இதையெல்லாம் அவர் கவனித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

முழங்கை மடங்கும்போது அந்த நரம்பு எலும்பைச் சுற்றி இழுபடுகிறது. அது ஓடும் வழியும் குறுகுகிறது. மேலே எதையும் ஊன்றாவிட்டாலும், நன்றாக மடக்கி வைத்தாலே உள்ளே அழுத்தம் ஏறும். திருத்தும்போது மடக்கி ஊன்றுகிறேன், பேசும்போது மடக்குகிறேன், ஏழு மணி நேரம் தூங்கும்போதும் மடக்குகிறேன். எழுதி, கரும்பலகை துடைத்து, துணி பிழிந்து, வீட்டையும் வகுப்பையும் சுமந்த வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓய்வில் இருந்ததாக நான் நினைத்த கைதான் கெட்டுப்போயிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு என் பாட்டி நினைவு வந்தார். தோட்டத்து லயத்தில் வாசற்படியில் உட்கார்ந்து நான் கன்னத்தில் கை வைத்தால் போதும், எங்கிருந்தாலும் வந்து கையைத் தட்டிவிடுவார். "என்னாடி, கப்பலா கவுந்து போச்சு?" கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்ற பழமொழியை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பித்திருக்கிறேன். மனம் தளராதே என்று பொருள் எழுதச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் எழுதிய அந்த விடைகளைக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டுதான் திருத்தியிருக்கிறேன். பாட்டி நரம்பைப் பற்றி நினைத்துச் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் தட்டிவிட்டது அந்த முழங்கையைத்தான்.

நரம்புச் சோதனைக்கு வேறொரு நாள் கொடுத்தார்கள். கையில் ஒட்டுப் பட்டைகளை ஒட்டி, பல இடங்களில் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, செய்தி எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளப்பார்கள். ரப்பர் வளையத்தால் சுண்டி அடிப்பது போல இருக்கும், தாங்கக்கூடியதுதான். முன்கையில் என் நரம்பு விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடியது. அது இயல்பான வேகம். முழங்கையைக் கடக்கும் இடத்தில் மட்டும் 30-ஐச் சற்றுத் தாண்டியது. கோலாலம்பூர் நெடுஞ்சாலையில் சாவடிக்கு முன் கார்கள் தேங்குவது போல என்று அந்த இளைஞர் விளக்கியது எனக்கு உடனே புரிந்தது. கழுத்தெலும்புத் தேய்மானமும் இதே விரல்களில் காட்டும் என்பதால் கழுத்தையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் வயதுக்கு உரிய தேய்மானம் இருந்தது, குற்றவாளி அதுவல்ல.

அங்கே காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு லோரி ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். போர்ட் கிள்ளானிலிருந்து ஜொகூருக்குக் கொள்கலன் இழுப்பவர். அவருக்கும் அதே இரண்டு விரல், ஆனால் வலது கை. கண்ணாடியை இறக்கி முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு இருபது வருடம் ஓட்டியிருக்கிறார். "ஏர்கோன் வேலை செஞ்சாக் கண்ணாடிய ஏத்தி வெச்சிருப்பேன் டீச்சர். எங்கலா வேலை செய்யுது?" என்றார். விரலில் உணர்வு குறைந்து ஒரு வருடமாகிறதாம். லீவு எடுத்தால் அன்றைய டிரிப் பணம் போய்விடும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். இப்போது கயிறு இழுத்துக் கட்டும்போது பிடி நழுவுகிறது என்பதால் வந்திருக்கிறார். அவர் கையை நீட்டிக் காட்டினார். அதே இடத்தில் அதே குழி, என்னுடையதைவிட ஆழம்.

எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் நம் பெண், துறுதுறுவென்று இருப்பாள். அவள் முழங்கையைப் பார்ப்பதற்கு முன்பு தோளைப் பார்த்தாள். என் இடது தோள் முன்பக்கமாக உருண்டு கிடந்தது. பயிற்சி நூல் பையை எப்போதும் அந்தத் தோளில்தான் மாட்டுவேன். பை நழுவாமல் இருக்கத் தோளைத் தூக்கியே வைத்திருப்பேன். அந்த நரம்பு முழங்கைக்கு வருவதற்கு முன்பு கழுத்துத் தசைகளுக்கு நடுவிலும், காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலும், மார்புத் தசைக்கு அடியிலும் நுழைந்து வர வேண்டும். தோள் முன்னால் விழுந்தால் அந்த வழிகள் இறுகும். சிலருக்கு அழுத்தமே அங்கேதான் இருக்கும், தலைக்கு மேல் கையைத் தூக்கினாலே மரக்கும். மேலே ஓரிடத்தில் நெருக்கப்பட்ட நரம்பு கீழே இன்னோர் இடத்தில் எளிதாகக் கெடும் என்ற கருத்து 1973-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அது எவ்வளவு சரி என்று மருத்துவர்கள் இன்னும் வாதிடுகிறார்களாம். அவள் வாதத்துக்குக் காத்திருக்கவில்லை, பையைப் பிடுங்கிக்கொண்டாள். இப்போது சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். பிள்ளைகள், "டீச்சர் ஊருக்குப் போறாங்களா?" என்று கேட்கிறார்கள்.

"நேரா உட்காரணுமா?" என்று அவளிடம் கேட்டேன். "நேரா உட்காருங்கன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். ஒரே மாதிரி உட்காராதீங்க. நல்லா உட்கார்ந்தாலும் அரை மணிக்கு ஒரு தடவை மாத்துங்க" என்றாள். நான் கேட்ட அறிவுரைகளில் மிகவும் பயன்பட்டது இதுதான். ஐந்து நூல் திருத்தியதும் எழுந்து தண்ணீர் குடிக்கிறேன். திருத்தும்போது இடது கை மடியில் இருக்கிறது. கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்துவிடுகிறேன். தங்கையின் வீட்டுக் கதை இப்போது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

தூக்கம்தான் பெரிய பாடு. தூங்கும் கைக்கு யார் புத்தி சொல்வது? ஒரு பெரிய துவாலையை முழங்கையைச் சுற்றித் தடிமனாகச் சுருட்டி, இறுக்காமல் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்னாள். கையை மடக்கப் போனால் துவாலை தடுக்கும். முதல் வாரம் நடு இரவில் நானே அவிழ்த்து எறிந்திருக்கிறேன், காலையில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். மூன்றாவது வாரத்தில் பழகிவிட்டது. மருத்துவமனையில் இதற்கென்றே செய்த தாங்கியும் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குத் துவாலையே போதுமாக இருந்தது.

விரல் மட்டும் மரத்து, பலம் குறையாத நிலையில் வந்தவர்களில் பலருக்கு இவ்வளவுதான் வைத்தியம். சில மாதம் பழக்கத்தை மாற்றினாலே போதும், நரம்பு தானே தேறிக்கொள்கிறது. எனக்கு அந்தக் கட்டம் தாண்டிப்போயிருந்தது. தசை வற்றத் தொடங்கிவிட்டால் காத்திருப்பது நல்லதில்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அறுவை சிகிச்சை செய்து நரம்பின் மேல் இறுகியிருக்கும் பட்டையை வெட்டிவிட வேண்டும். சிலருக்கு நரம்பையே எலும்புக்கு முன்பக்கமாக நகர்த்தி வைப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. செய்தால் முழுக்கச் சரியாகுமா என்று கேட்டேன். "மேலும் கெடாமல் நிறுத்த முடியும், சிகு. உணர்வு பெரும்பாலும் திரும்பும். தசை எவ்வளவு திரும்பும் என்று என்னால் உறுதி தர முடியாது" என்றார்.

மடிந்த நரம்பிழை மறுபடி வளர்வது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைவரை என் கையில் முப்பது சென்டிமீட்டர் வருகிறது, அளவுகோல் வைத்துப் பார்த்தேன். முந்நூறு நாள். ஒன்றரை ஆண்டு அளவுக்கு நரம்பின் தொடர்பே இல்லாமல் கிடந்த தசையை அதற்குப் பிறகு நரம்பு வந்து தொட்டாலும் பெரும்பாலும் எழுப்ப முடிவதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவுதான் நான் அழுதேன். உருவிவிடப் போன மாதங்களும், சர்க்கரை என்று காத்திருந்த மாதங்களும், "டீச்சருக்கு வேலை அதிகம், அதான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட மாதங்களும் அந்தக் கணக்கில்தான் கழிந்தன.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் அறுவை சிகிச்சை நடந்தது. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டேன். முழங்கையின் உட்புறத்தில் சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. சில வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். அந்தச் சில வாரம் என் கணவர் சமைத்தார். அதைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதலாம்.

இரவில் மரப்பது முதல் மாதத்திலேயே குறைந்தது. மோதிர விரலில் உணர்வு வந்தது. சுண்டு விரலின் நுனி மட்டும் பல மாதம் வேறு யாருடைய விரலோ போல இருந்தது. ஒரு நாள் குழாயடியில் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பது அந்த நுனியில் தெரிந்தது. மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கட்டிலில் மல்லாந்து, இரண்டு முழங்கைகளையும் மடக்கிக் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். "நல்லதும்மா" என்றாள். பாட்டி தட்டியது போலவே நான் அவள் கையைத் தட்டினேன். கைப்பேசி அவள் மூக்கில் விழுந்தது.

ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. குழி பாதி நிரம்பியிருக்கிறது. தாளைப் பிடித்தால் கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் வளைகிறது. சுண்டு விரல் முழுதாக ஒட்டுவதில்லை. இது இப்படியே நின்றுவிடலாம் என்று போன தடவை மருத்துவர் சொன்னார்.

கடந்த நவராத்திரிக்கு மண்டபத்தில் அக்கா என் பக்கம் சாமந்தியைத் தள்ளினார். சாமந்தியை ஊசியில் கோத்துவிடலாம், அதற்கு வலது கை போதும். ஒரு கூடை கோத்து முடித்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது கொஞ்சம் மல்லிகையை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். ஒரு முழத்துக்கு அரை மணி நேரம் ஆனது. பூ இன்னும் விழுகிறது. முன்பு மூன்று விழுந்த இடத்தில் இப்போது ஒன்று.